பதினொன்று பத்துக்குப் பச்சை

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. போலீஸில் இருபத்து நான்கு வருடம் ஓட்டிவிட்டேன். அதில் பாதி வருடம் யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன். பெயர் ஐரின். ஹெட் கான்ஸ்டபிள். வீடு ஜீவனஹள்ளியில், வேலை காக்ஸ் டவுன் பக்கத்தில். ஸ்டேஷன் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் எங்கள் இன்ஸ்பெக்டருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், அந்த மனிதர் ஏற்கெனவே அதற்கு இரண்டு மாத்திரை போடுகிறார்.

இந்தக் கதையில் நான் திட்ட வேண்டிய ஆள் நானேதான் என்பதால் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் பீட்டில், அதாவது ரோந்துப் பகுதியில், பத்தொன்பது வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். சொந்தபந்தமெல்லாம் துபாயிலோ மெல்போர்னிலோ இருக்கும். இங்கே இவர்களும் ஒரு நாயும், சில வீடுகளில் நாய்கூட இல்லை. தினமும் ஒரு போலீஸ்காரர் போய் மணியடித்து, முகத்தைப் பார்த்து, "ஊட்டா ஆயித்தா, சாப்பிட்டாச்சா, உடம்பு சரியா" என்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்று போன வருடம் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. போனதற்கு அத்தாட்சியாக ஒரு ஆப்பும் வந்தது. அதற்கு 'ஹெஜ்ஜே' என்று பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் காலடி என்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு ஸ்டிக்கர். அதை போனில் ஸ்கேன் செய்தால் அந்த வீட்டுக்கு நேரே, நேரத்தோடு பச்சை டிக் விழும். செய்யாவிட்டால் சிவப்பு. மாதம் முடிந்ததும் எந்த ஸ்டேஷனில் எத்தனை சிவப்பு என்று டி.சி.பி. ஆபீஸில் கணக்கெடுப்பார்கள்.

என்னோடு பீட் போகிற கான்ஸ்டபிள் முனிராஜ். முப்பது வயது, நல்ல பிள்ளை, சோம்பேறித்தனத்துக்காக மட்டும் உயிரைக் கொடுத்து உழைப்பான். ஆப் வந்த இரண்டாவது மாதம் பத்தொன்பது ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து, ஒரே தாளில் அச்சடித்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பார்க்க ஹோட்டல் மெனு கார்டு மாதிரியே இருந்தது. ஆப் முந்நூறு மீட்டர் வரைக்கும் 'அந்த இடத்தில்தான் இருக்கிறார்' என்று ஒப்புக்கொள்ளும் என்பதையும் கண்டுபிடித்தான். பீட்டின் நடுமத்தியில் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்தால் பத்தொன்பதும் முந்நூறு மீட்டருக்குள் வரும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க நான்கு நாள் தெருத்தெருவாகப் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். அந்த நான்கு நாளில் பீட்டையே ஒழுங்காக முடித்திருக்கலாம்.

நான் அவனைக் கண்டபடி திட்டினேன். பிறகு அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். பிறகொரு நாள் கால் வலிக்கிறது என்று அந்த அட்டையை வாங்கி நானும் ஸ்கேன் செய்தேன். எங்கள் ஸ்டேஷனுக்கு ஆறு மாதமாக நூற்றுக்கு நூறு பச்சை.

ஒரு வீட்டுக்கு மட்டும் நான் அட்டையைத் தொட மாட்டேன். அது கேத்தரின் ஆன்ட்டி வீடு. சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சந்தில், முன்னால் நான்கு பூந்தொட்டி வைத்த பழைய வீடு. எழுபத்து நான்கு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்தவர். அவருடைய காதைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "டிரங்க் கால்ல ஒருத்தன் ஹலோன்னு சொன்னா போதும், அவன் சாப்பிட்டானா இல்லையான்னு சொல்லிடுவேன்டி" என்பார். என் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "ஐரின், உன் வண்டி சைலென்சர் அழுவுது, போய்ப் பாரு."

நான் யூனிஃபார்மில் வருவதைப் பார்த்துப் பயப்படாதவர், என் கோபத்தைப் பார்த்துச் சிரிப்பவர் எங்கள் பீட்டில் அவர் ஒருவர்தான். எனக்கு அவரைப் பிடிக்கும். என் அம்மாவைவிடப் பிடிக்கும் என்று சொன்னால் அம்மா சண்டைக்கு வருவாள், அதனால் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நடுராத்திரி வரை ஒரு ஊர்வலத்துக்கு பந்தோபஸ்து நின்று என் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. டீக்கடையில் முனிராஜ் அட்டையை நீட்டினான். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டே வந்தேன். பதினேழாவது கட்டம் ஆன்ட்டி வீடு. விரல் கொஞ்சம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்தோமே, நேற்றுக் காலையும் பார்த்தோமே, நன்றாகத்தானே இருந்தார், நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஸ்கேன் செய்தேன். மணி பதினொன்று பத்து. பச்சை விழுந்தது.

அன்று காலை ஒன்பதரைக்கே ஆன்ட்டி குளியலறை வாசலில் வழுக்கி விழுந்திருந்தார். கணுக்காலும் மணிக்கட்டும் முறிந்து, எழுந்திருக்க முடியாமல், போன் இருந்த மேஜை வரை நகரவும் முடியாமல் அப்படியே கிடந்திருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கத்தின பிறகுதான் யாருக்கும் தெரிந்தது. ஏழரை மணி நேரம்.

எங்கள் இன்ஸ்பெக்டர் வெங்கடசுப்ரமணியன். லஞ்சம் வாங்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார், மற்றவர்களை நிம்மதியாக இருக்கவும் விடமாட்டார். எதற்கும் ஒரு ஃபைல். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, ஹெஜ்ஜே பதிவை அச்செடுத்துக்கொண்டு போனார். போகிற வழியில் ஜீப்பிலேயே கேட்டார்.

"ஏன்ரீ ஐரின், பதினொண்ணு பத்துக்கு டிக் இருக்கு. அவங்க முகத்தைப் பாத்தீங்களா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வெளியே வந்தது.

"பெல் அடிச்சேன் சார். ரெண்டு தடவை. பதில் இல்ல. மார்க்கெட்டுக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சு டிக் பண்ணிட்டு வந்துட்டேன்."

"முகம் பாக்காம டிக் பண்ணினது தப்பு. வாய்வழி எச்சரிக்கை. எழுதி வெச்சுக்கறேன்" என்றார். அவ்வளவுதான். என் பொய் அத்தனை சுலபமாக ஃபைலுக்குள் போய்விட்டது.

கட்டிலில் காலிலும் கையிலும் மாவுக்கட்டோடு ஆன்ட்டி கிடந்தார். இன்ஸ்பெக்டர் மரியாதையாகக் கேட்டார். எங்கள் ஆள் வந்து மணியடித்தாரே, உங்களுக்குக் கேட்கவில்லையா?

"பெல் அடிக்கல. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அடிக்கவே இல்ல" என்றார் ஆன்ட்டி.

"ரெக்கார்ட் இருக்கு மேடம். ஐரினே அடிச்சிருக்காங்க."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஐரின் அடிச்சேன்னு சொன்னா அடிச்சுத்தான் இருப்பா. அப்போ எனக்குத்தான் நினைவு தப்பியிருக்கும்" என்றார். குரல் சின்னதாகிப் போயிருந்தது.

அந்தக் குரலைக் கேட்ட பிறகும் வாயைத் திறக்காத நான் என்ன ஜென்மம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு டிக்கினால் வந்தது. மெல்போர்னில் இருக்கும் ஆன்ட்டியின் தங்கை மகன் நீல் தினமும் போனில் பேசினான். நல்ல பையன்தான், பயந்துபோயிருந்தான். பத்தடி தூரத்தில் இரண்டு தடவை அடித்த மணி கேட்காதவரை எப்படித் தனியாக விடுவது என்று கேட்டான். காது டாக்டர் பார்த்துவிட்டுக் காது வயதுக்கு மிக நன்றாகவே இருக்கிறது என்றார். அப்படியானால் பிரச்சினை மூளையில் என்று ஆனது. ஞாபக சக்தி டெஸ்ட், அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட். கடைசியில் ஓசூர் ரோடு பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பேசிவிட்டான். ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆன்ட்டி அங்கே போக வேண்டும். வீட்டை வாடகைக்கு விடுவதாக ஏற்பாடு.

எனக்கு அதைவிட வலித்தது வேறு. வீட்டுக்குத் திரும்பிய ஆன்ட்டி தன்னையே நம்பாமல் போனார். அடுப்பை அணைத்துவிட்டு ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தார். தெருவில் ஹாரன் அடித்தால், "இப்ப ஹாரன் சத்தம் கேட்டுதா, இல்ல எனக்கு மட்டும்தானா?" என்று என்னிடம் கேட்டார். என் ஸ்கூட்டரின் சைலென்சரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தது.

பாதி உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாமா என்றும் பார்த்தேன். "ஆன்ட்டி, ஒருவேளை பெல் ரிப்பேரா இருந்திருக்கும். நான் அமுக்கினேன், உள்ள அடிக்கல போல" என்றேன்.

"எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டுப் பாத்துட்டேன்டி. பெல் ஜோரா இருக்கு. எனக்கு ஆறுதல் சொல்லணும்னு எதையாவது கதை கட்டாதே" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். தட்டிக் கொடுத்தார்! எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

முழு உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பொய்ப் பதிவு, மேலதிகாரியிடம் பொய். சஸ்பென்ஷன்கூட வரலாம். ஏ.எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருடம் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. அட்டை வெளியே வந்தால் முனிராஜும் மாட்டுவான். அவனுக்கு ஆறு வருட சர்வீஸ்தான், வீட்டில் கைக்குழந்தை. இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் தேடி வைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி. டி.சி.பி. மேடம் எங்கள் டிவிஷன் ஸ்டேஷன்களை எல்லாம் ஒரு நாள் கூட்டுகிறாராம். ஒவ்வொரு ஸ்டேஷனும் தன்னுடைய நல்ல நடைமுறை ஒன்றை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும், போலீஸ் வேலையின் தரம் உயர வேண்டும்.

"நம்ம ஸ்டேஷன்லேருந்து ஹெஜ்ஜே. ஆறு மாசம் நூத்துக்கு நூறு. அதோட அந்த கேத்தரின் மேடம் சம்பவத்துக்கு அப்புறம் நாம கொண்டு வந்தோமே, பதில் இல்லன்னா பக்கத்து வீட்டுல கேக்கணும்னு ஒரு ரூல், அதையும் சேத்திருக்கேன். தப்பைத் திருத்திக்கிட்டோம்னு காட்டலாம். நீங்கதான் பேசறீங்க. கேத்தரின் மேடமையும் அழைச்சிருக்கேன். வரேன்னு சொல்லிட்டாங்க."

"நானா? சார், எனக்கு மேடையெல்லாம் ஆகாது சார்."

"அஞ்சு ஸ்லைடு. படிச்சா போதும்."

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை. பெரிய ஹாலில் நூற்றைம்பது காக்கிச் சட்டைகள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்த முனிராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அங்கே போகிற வழியில் ஜீப்பிலேயே ஆரம்பித்திருந்தான்.

"அக்கா, உங்க மூஞ்சியே சரியில்ல. பேடா அக்கா, வேணாம். சும்னே படிச்சுட்டு எறங்கிடுங்க. ரெண்டு பேருக்கும் பேஜாராயிடும்."

"நான் ஒண்ணும் சொல்லல, நீ மூடு" என்றேன். உண்மையிலேயே அப்போது சொல்வதாக எண்ணமில்லை.

ஹாலில் முதல் வரிசையில் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். கையில் கட்டு பிரித்திருந்தது, காலில் இன்னும் இருந்தது. பட்டுப் புடவை கட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் முறை வந்ததும் இன்ஸ்பெக்டர் முதலில் அவரிடம் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். ஆன்ட்டி கன்னடத்தில் பேசினார். ஆபரேட்டர் குரல், மைக்கே தேவையில்லை. அவர் சொன்னது இதுதான்.

"போலீஸ் மேல எந்தத் தப்பும் இல்ல. அவங்க டைமுக்கு வந்தாங்க, பெல் அடிச்சாங்க. எனக்குத்தான் கேக்கல. முப்பத்தோரு வருஷம் இந்தக் காதை வெச்சுத்தான் சோறு தின்னேன். இப்ப எது நெஜமா கேட்டுது, எது கேக்கலன்னு எனக்கே தெரியறதில்ல. ஒண்ணாந்தேதி நான் ஹோமுக்குப் போறேன். இந்த ஐரின் பொண்ணை நல்லா வெச்சுக்குங்க. வாய்தான் நீளம், மனசு நல்லது."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் மேடைக்குப் போனேன். முதல் ஸ்லைடு, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் படித்தேன். நான்காவதில் பெரிய எழுத்தில் ஆன்ட்டி வீட்டு வரிசை: 11:10, பச்சை டிக். இன்ஸ்பெக்டர் அதைச் சுற்றி ஒரு வட்டம் வேறு போட்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. வழக்கமாக வருகிற அதே கோபம், இந்தத் தடவை திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

"இந்த டிக் பொய்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும்.

"அன்னைக்கு நான் அந்த வீட்டுக்குப் போகல. டீக்கடையில உக்காந்து, போட்டோ எடுத்து வெச்ச ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணினேன். பெல் அடிச்சேன்னு இன்ஸ்பெக்டர் சார்கிட்ட பொய் சொன்னேன். எங்க நூத்துக்கு நூறுல பாதிக்கு மேல இப்படி வந்ததுதான். இதைப் பாத்து யாரும் எதையும் கத்துக்காதீங்க."

டி.சி.பி. மேடம் பேனாவைக் கீழே வைத்தார். அவர் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் முதல் வரிசையிலிருந்து தமிழில் ஒரு குரல்.

"ஏய் ஐரின். பெல் அடிக்கலையா?"

"அடிக்கல ஆன்ட்டி. நான் வரவே இல்ல."

"ரெண்டு தடவையும்?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்போ என் காது?"

"உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. தலைக்கும் ஒண்ணும் இல்ல. கோளாறெல்லாம் எனக்குத்தான்."

அவர் என்னைக் காறித் துப்புவார் என்று நினைத்தேன். ஆன்ட்டி நாற்காலிக் கையைப் பட்டென்று அடித்தார். "சொன்னேன்ல! அடிக்கவே இல்லன்னு நான் சொன்னேன்ல!" என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார். பின்னால் திரும்பி நூற்றைம்பது போலீஸையும் பார்த்துச் சொன்னார். சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி பவுடரெல்லாம் கோடு கோடாகிவிட்டது. கைப்பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே, டி.சி.பி. முன்னாலேயே, மெல்போர்னுக்குப் போட்டார்.

"நீல்? ஆன்ட்டி பேசறேன். அந்த ஹோமை கேன்சல் பண்ணு. ஏனா? பெல் அடிக்கலடா. போலீஸே ஒத்துக்கிச்சு. அப்புறம் பேசறேன், மீட்டிங்ல இருக்கேன்."

டி.சி.பி. மேடம் அவர் போனை வைக்கும் வரை காத்திருந்தார். பிறகு ஹாலைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்: "இங்கே இன்னும் எத்தனை பேர் போனில் இந்த மாதிரி ஸ்டிக்கர் போட்டோ இருக்கிறது?"

ஓரத்தில் லேப்டாப் மேஜைக்குப் பின்னால் முனிராஜ் எழுந்தான். சட்டைக்குள் செருகி வைத்திருந்த அந்த மெனு கார்டு அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தான்.

"அட்டை என்னுது மேடம். அக்காவுக்கு நான்தான் கொடுத்தேன்."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. அதற்குப் பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். இன்னொருவர். எண்ணினேன், பதினொரு பேர். எழுந்திருக்காதவர்களில் பலர் தங்கள் ஷூவைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீதி ஸ்லைடுகளை யாரும் போடவில்லை. "சரி, நிஜத்தைப் பேசுவோம்" என்று டி.சி.பி. மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏன் போகவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பத்தொன்பது வீட்டை இரண்டு பேர் ஒரு காலையில் முடிக்க முடியாது, நடுவில் பந்தோபஸ்து வந்தால் எதுவும் நடக்காது, சிவப்பு விழுந்தால் திட்டு விழுகிறது என்று எல்லாம் வெளியே வந்தது. தொம்மலூர்ப் பக்கமிருந்து வந்திருந்த சௌம்யா என்ற ஒரு கான்ஸ்டபிள் பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள்.

"மேடம், எங்க பீட்ல ஸ்டிக்கரோட ஒரு வார்த்தையும் எழுதிக்குவோம். அந்த வீட்டுக்காரங்க அன்னைக்கு என்ன தோணுதோ ஒரு வார்த்தை சொல்லணும். அதை ஆப்ல குறிப்புப் பகுதியில போடுவோம். பேசினாத்தான் வார்த்தை கிடைக்கும். அவங்க குரலை வெச்சே உடம்பு எப்படின்னு தெரிஞ்சுடும்."

"இதை ஏன் நல்ல நடைமுறை என்று அனுப்பவில்லை?"

"அஞ்சு ஸ்லைடு வேணும்னாங்க மேடம். இது ஒரு வரிதான் வந்துது."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வாரமே எல்லா ஸ்டேஷனுக்கும் உத்தரவு வந்தது: ஒரு ஆளுக்கு எட்டு வீடுதான், வார்த்தை இல்லாமல் பச்சை விழாது, சிவப்புக்குத் திட்டு கிடையாது, காரணம் மட்டும் எழுத வேண்டும்.

எனக்கு மெமோ, விசாரணை, ஒரு இன்க்ரிமென்ட் வெட்டு. பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து பெயர் போனது. முனிராஜுக்கும் மற்றப் பதினொரு பேருக்கும் எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை. இன்ஸ்பெக்டர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"ஏன்ரீ ஐரின், என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா ஃபைல் போட்டிருப்பீங்க சார்."

"போட்டுத்தான் இருப்பேன்" என்றார். "கேத்தரின் மேடம் வீடு உங்க லிஸ்ட்லதான் இருக்கும். நீங்க கெடுத்ததை நீங்களே சரி பண்ணுங்க."

ஆன்ட்டி சந்தோஷம் அடங்கி, யோசித்துப் பார்த்து, நன்றாகக் கோபப்பட ஆரம்பித்திருந்தார். முதல் நாள் போய் மணியடித்தேன். கதவு திறக்கவில்லை. ஜன்னல் நான்கு விரற்கடை திறந்தது.

"ஆன்ட்டி, உடம்பு..."

"வார்த்தைதானே வேணும்? எழுதிக்கோ. கழுதை." ஜன்னல் சாத்திக்கொண்டது.

எழுதிக்கொண்டேன். பச்சை விழுந்தது. மறுநாள் 'பொய்க்காரி'. அதற்கு மறுநாள் 'திருடி'. 'யூதாஸ்' ஒரு நாள். அந்த வாரக் கடைசியில் இன்ஸ்பெக்டர் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மற்ற வீடுகளில் எல்லாம் 'மூட்டுவலி', 'மழை வருமா', 'இட்லி' என்று இருந்தது.

"இது டி.சி.பி. ஆபீஸுக்குப் போற பதிவு."

"அவங்க சொன்ன வார்த்தை சார். மாத்தினா அது பொய்ப் பதிவு."

அவர் சிரிப்பை அடக்குவதற்காக அந்த ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பதினொரு நாள் இப்படிப் போனது. நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை. திட்டுகிற சத்தத்தில் அவர் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்தது. அது போதும் என்று இருந்தேன். பன்னிரண்டாம் நாள் மணியடிக்கும் முன்பே கதவு திறந்தது. ஆன்ட்டி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"உள்ள வா. உக்காரு. ஒண்ணு சொல்லணும், சொல்லாம மனசு ஆறல."

உட்கார்ந்தேன். அவரும் எதிரே மெல்ல உட்கார்ந்தார்.

"அன்னைக்கு விழுந்தேனே. வலி தாங்கல. ஆனா பயமில்ல. பதினோரு மணிக்கு ஐரின் வருவா, இன்னும் ஒண்ணரை மணி நேரம்தானேன்னு இருந்தேன். கூடத்துக் கடிகாரம் பதினொண்ணு அடிச்சுது. நீ வரல. பன்னெண்டு அடிச்சுது. உன் வண்டிச் சத்தம் இல்ல. அப்பத்தான் பயம் வந்துது."

"ஆன்ட்டி, என்னை மன்னிச்சு..."

"வாயை மூடு, நான் முடிக்கல. எனக்காகப் பயப்படலடி. ஒருநாளும் தவற மாட்டாளே, வழியில எந்த லாரிக்காரனாவது தட்டிட்டானோன்னு பயந்தேன். தரையில கெடந்துக்கிட்டே விரல்ல எண்ணி உனக்காக ஜெபமாலை சொன்னேன். மாதாவே, அந்தப் பொண்ணு முன்கோபி, வண்டியைக் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுவா, பத்திரமா வெச்சுக்கோன்னு. அஞ்சு மணி வரைக்கும் சொன்னேன்."

நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். தொப்பி கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"அப்புறம் நீங்க எல்லாரும் சேந்து, நான் நெனைவில்லாம கெடந்தேன்னு சொன்னீங்க. அப்போ அந்த ஜெபமாலையும் கனவுதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார் ஆன்ட்டி. "கனவு இல்ல. நான் சொன்னேன். அது உனக்குத் தெரியணும்."